இருபத்திரண்டு வருட வயிற்றுவலி

எங்கள் தோட்டத்துத் தண்ணீரில் கோளாறு என்று சொல்லிக்கொண்டு தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஆறு காலிப் போத்தல்களோடு வந்து இறங்கினார். அன்றைக்குத்தான் நான் இருபத்திரண்டு வருடங்களாகச் செய்துவந்த காரியம் என் தலையிலேயே வந்து விழுந்தது.

நான் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. மலேசியாவில் பகாவ் டவுனிலிருந்து காரில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் செம்பனைத் தோட்டம். ஆபீசில் லீவுப் பாரம், கடிதம், ஆள் பட்டியல் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். துவான் என்று நாங்கள் கூப்பிடும் மேனேஜர் மூன்று வருடத்துக்கு ஒருவர் மாறுவார். நான் மாறுவதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வாய் நீளம் என்றும் சொல்வார்கள். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போத்தலோடு வந்தவர் பாதுகாப்பு அதிகாரி. மலாய்க்காரர், நல்ல மனிதர், சிரித்த முகம். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பட்டியலை நீட்டினார். கம்பெனியின் எல்லாத் தோட்டங்களிலும் வயிற்றுவலி லீவு அதிகம் எடுப்பது எங்கள் தோட்டத்து ஆட்கள்தானாம். "காக், இங்கே குழாயில் என்னதான் வருகிறது?" என்று அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார். நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் குழாய், ஆபீஸ் குழாய், மேட்டுத் தொட்டி என்று ஒன்று விடாமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. தண்ணீர் சுத்தம். அப்படியானால் சாப்பாட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று அடுத்த சந்தேகம் கேண்டீன் மேல் விழுந்தது. கேண்டீன் நடத்தும் அம்மாள் கையில் கரண்டியோடு ஆபீசுக்குள் நுழைந்தார்.

"யாரு என் கொழம்ப கொற சொன்னது? இத்தன வருசமா தின்னு கொழுத்தவன் எல்லாம் இப்ப வயித்து வலிங்கிறானா? வரச் சொல்லுலா அந்த ஆள! என் கண்ணு முன்னாடி நின்னு சொல்லச் சொல்லு!"

"அக்கா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. உங்க கொழம்புல ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுலடி இருக்கு?"

என் பேனாவில் இருந்தது. அதை எப்படிச் சொல்வேன்?

விஷயம் இதுதான். ஒரு நாள் லீவுக்கு டாக்டர் சீட்டு வேண்டாம், கிராணி பாரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்பது எங்கள் தோட்டத்துப் பழைய வழக்கம். பாரம் மலாயில் இருக்கும், மலாயில்தான், இங்கிலீஷ் எழுத்தில் நிரப்ப வேண்டும். ஆனால் ஆட்கள் தமிழில் வந்து நிற்பார்கள். "கிராணிம்மா, மனசே சரியில்ல. இன்னிக்கு ஒரு நாள் படுத்துக்கிறேன்" என்பார்கள். அதை நான் எப்படி எழுதுவது? மனதில் வரும் நோய்க்கு எனக்குத் தெரிந்த மலாய் வார்த்தை 'சாக்கிட் ஜீவா' ஒன்றுதான். அதை எழுதினால் பைத்தியம் என்று அர்த்தம். பேரா பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி உள்ள ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, 'அங்க அனுப்பிருவாங்க' என்று கேலி பேசாத தமிழன் இந்த நாட்டில் கிடையாது. ஒரு தடவை பாரத்தில் அப்படி எழுதிவிட்டால், அந்த ஆளை ஓய்வு பெறும்வரை அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள்.

ஆகவே நான் 'சாக்கிட் பெருட்' என்று எழுதினேன். வயிற்றுவலி. வயிற்றுவலியை யாரும் கேள்வி கேட்பதில்லை, கேலி செய்வதும் இல்லை. நம் தமிழிலும் துக்கம் வந்தால் வயிறுதானே பற்றி எரிகிறது? அதனால் முழுப் பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆட்களின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அந்தப் பட்டியலில் என் பெயரும் ஏழு இடத்தில் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அதே சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. பணியாளர்களின் மன நலத்தைப் பேண வேண்டும், அவர்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள ஊக்கம் தர வேண்டும், இணைத்துள்ள படத்தை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டவும் என்று எழுதியிருந்தது. படத்தில் ஒரு பெண் புல்வெளியில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சிரித்தாள். அவள் எந்தத் தோட்டத்திலும் வேலை செய்தவள் இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். துவான் ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். லீவுப் பாரம் வைத்திருக்கும் தட்டுக்கு நேர் மேலே ஒட்டினேன். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வழக்கம்போல் வயிற்றுவலி எழுதினேன்.

இப்போது மண்டோருக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெரட்டு என்று சொல்வோம், விடிவதற்கு முன் ஆபீஸ் வாசலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அவர் நிற்கிற பெரட்டில் கொட்டாவிக்குக்கூட இடம் கிடையாது. அப்படி வாய் ஓயாமல் கிண்டல் பேசுவார். என்னையே, "கிராணிம்மா காலையில சிரிச்சா குலை பழுக்காதாம், அதான் மொறைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு ஓடுவார். மழைக்காலத்தில் ஒருநாள், சாயங்காலம் ஆகிவிட்டது, கடைசி ஒரு மரம்தான் என்று இந்தோனேசியாவில் லொம்போக்கிலிருந்து வந்த ஓர் ஆளை வெட்டச் சொன்னார். குலை நழுவி அந்த ஆளின் தோளில் விழுந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டு, குணமாகி, ஊருக்கும் போய்விட்டான். போகும்போது மண்டோரின் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

ஆனால் மண்டோர் திரும்பி வரவில்லை. உடம்பு மட்டும் பெரட்டுக்கு வந்து நின்றது. கிண்டல் நின்றுபோனது. பெயர் கூப்பிடும்போது பாதியில் நிறுத்திவிட்டு எங்கோ பார்ப்பார். "ஆளு பொழைச்சிட்டான்லண்ணே, அப்புறம் என்னா?" என்று எல்லோரும் கேட்டோம். நானும்தான் கேட்டேன். அதைவிடப் புத்தி கெட்ட கேள்வி ஒன்று இருக்க முடியுமா? அவர் என்னிடம் வந்து, "ஒரு நாள் போடுங்க கிராணிம்மா" என்பார். நான் வயிற்றுவலி போடுவேன். ஒரு நாள் மூன்றாகி, மூன்று பத்தாகியது. பிறகு சொல்லாமல் கொள்ளாமலே வராமல் நின்றார்.

துவான் சட்டப்படி நடக்கிறவர். முதல் எச்சரிக்கைக் கடிதம் போனது, இரண்டாவதும் போனது. இரண்டையும் நான்தான் டைப் அடித்தேன். மூன்றாவது போனால் விசாரணை, அதன்பின் வேலை போய்விடும். வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். அந்த மூன்றாவது கடிதத்தை ஒரு வியாழக்கிழமை அடித்து முடித்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். துவான் வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மண்டோர் ஆபீசுக்குள் வந்தார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பைக்குள் விட்டிருந்த கையை வெளியே எடுத்து ஒரு சாவியை என் மேசை மேல் வைத்தார். மருந்து ஸ்டோர் சாவி. தோட்டத்தில் மருந்து என்றால் குடிக்கிற மருந்து இல்லை, புல்லுக்கு அடிக்கிற விஷம். அந்த ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது; அவர் வராத நாளிலும் ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி வருவார்கள்.

"இத நீங்க வெச்சுக்குங்க கிராணிம்மா. எங்கிட்ட இருக்க வேணாம்."

எனக்கு வந்ததே கோபம்! கடிதத்துக்குப் பயந்து வேலையைத் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன்.

"என்னாண்ணே வெளையாடுறீங்களா? மருந்து அடிக்கிற ஆளுங்க பதினோரு மணிக்கு வந்து நிப்பாங்க. நானா போயி தெறந்து குடுக்கிறது? உங்க வேலைய எந்தலையில கட்டப் பாக்கிறீங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனார். நான் சாவியை எடுத்து, திட்டிக்கொண்டே ஆணியில் மாட்டப் போனேன். சாவி சுட்டது. அவ்வளவு நேரம் கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கிறார். எங்கிட்ட இருக்க வேணாம் என்று அவர் சொன்னது அப்போதுதான் என் மரமண்டைக்குள் இறங்கியது. 'வேலை வேணாம்' என்று அவர் சொல்லவில்லையே. 'எங்கிட்ட' என்றுதானே சொன்னார்.

ஓடினேன். ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓடியது அன்று ஒரு தடவைதான். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தவரின் முன்னால் போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒன்றும் தெரியவில்லை. பூசி மெழுகி எனக்குப் பேசத் தெரியாது. நல்லவேளை தெரியாது.

"அண்ணே, நேரா கேக்குறேன், நேரா சொல்லுங்க. செத்துரலாம்னு தோணுதா?"

அவர் மோட்டாரை நிறுத்தினார். டேங்கையே பார்த்தபடி சொன்னார்.

"தோணுது கிராணிம்மா. தோணுறப்ப எல்லாம் அந்தச் சாவி பைக்குள்ள கெடந்து குத்துது. அதான் கொண்டாந்து குடுத்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அப்படிப்பட்ட மனிதர். ஆகவே அழவில்லை. "எறங்குங்க. என் காருல ஏறுங்க" என்றேன். "வேணாம்லா" என்றார். "ஏறுங்கன்னா ஏறுங்க! எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்கல்ல, இனிமே நீங்க நெனச்ச மாதிரி எல்லாம் போக முடியாது" என்றேன். குரலைக் கேட்டுக் கேண்டீன் அம்மாள் எட்டிப் பார்த்தார். அந்த அம்மாளைக் கார் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சாவியை ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். மருந்து அடிக்கிறவர்களை அன்று புல் வெட்டச் சொன்னேன்.

போகிற வழியில் லயத்தில் நிறுத்தி அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டேன். அந்தப் பெண் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடியே வந்து உட்கார்ந்தாள். காரில் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை.

"இல்லக்கா. அவருக்கு வயித்து வலிக்கா. சாப்பிட மாட்டேங்கிறாரு, தூங்க மாட்டேங்கிறாரு, கேட்டா வயித்து வலிங்கிறாரு. ஒரு மாசமா ஓமத்தண்ணி காச்சிக் குடுக்கிறேன்."

பின் சீட்டில் இருந்த மண்டோர், "ஆமா, ஓமத்தண்ணி நல்லாத்தான் இருந்திச்சி" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு அவள் மனம் நோகக் கூடாது. எனக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. வீட்டில் பெண்சாதியிடம்கூட வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை அவருக்குப் பழக்கிக் கொடுத்தவள் நான்தானே.

பகாவில் அரசாங்கக் கிளினிக்கில் கூட்டம். கவுண்டரில் இருந்த பெண் முகத்தை நிமிர்த்தாமலே மலாயில் கேட்டாள், என்ன நோவு என்று. நான்தான் முன்னால் நின்றேன். எல்லாம் தெரிந்த கிராணி, வாய் நீளமான கிராணி, சிங்கம் மாதிரி அவரை இழுத்துக்கொண்டு வந்தவள். வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா?

"சாக்கிட் பெருட்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம், தானாக வந்து விழுந்தது. அந்தப் பெண் எழுதத் தொடங்கிவிட்டாள். எழுதி முடித்திருந்தால் கேஸ்டிரிக் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து கவுண்டர் மேல் ஊன்றியது.

"இல்ல. வயிறு இல்ல" என்றார் மண்டோர் தமிழில். பிறகு மலாயில் அந்தப் பெண்ணைப் பார்த்து இரண்டே வார்த்தை சொன்னார்.

"சூசா ஹாத்தி."

சூசா என்ற வார்த்தையை நாங்கள் தமிழ் பேசும்போதே நாளைக்கு நூறு தடவை சொல்வோம். ரோடு சூசா, பஸ் கிடைக்கிறது சூசா, இந்த மேனேஜர் ரொம்ப சூசாலா. ஹாத்தி என்றால் நெஞ்சு, மனசு. மனசுக்குக் கஷ்டம். பைத்தியமும் இல்லை, கேலியும் இல்லை. கடைக்காரனும் சொல்வான், கல்யாண வீட்டிலும் சொல்வார்கள். இவ்வளவு சாதாரணமான வார்த்தை என் காதுக்குப் பக்கத்திலேயே இருபத்திரண்டு வருடங்களாக நடமாடிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் எடுத்து எழுதவில்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, வரிசையில் உட்கார வைக்காமல், நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார். மண்டோரின் மனைவியையும் உள்ளே வைத்துப் பேசினார். மூவரும் வெளியே வந்தபோது மண்டோரின் கண் சிவந்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மனிதனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம், இரண்டு வாரம் லீவுச் சீட்டு, அதுவரை தனியாக விடக் கூடாது என்று கண்டிப்பு. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்க்கொண்டே இருந்தோம். கேண்டீன் அம்மாள் மூன்று வேளையும் தானே சோறு கொண்டுபோனார். காரணம் கேட்கவில்லை. "என் கொழம்பு சாப்ட்டுட்டு வயித்து வலிக்கிதான்னு பாக்கிறேன்" என்று மட்டும் சொன்னாராம்.

திங்கட்கிழமை துவான் வந்தார். வந்தவுடன் கடிதத்தைக் கேட்டார்.

நான் கடிதத்தையும் டாக்டர் சீட்டையும் சேர்த்தே வைத்தேன். சீட்டைப் படித்தார். "இனிமேல் வரும் நாளுக்கு இது சரி, காக். இதற்கு முன் வராமல் போன நாட்களுக்கு? பதிவில் வயிற்றுவலி என்றல்லவா இருக்கிறது? சும்மா வயிற்றுவலிக்காக ஒரு மண்டோர் இத்தனை நாள் வராமல் இருக்கலாமா?" என்றார். அவர் கேட்டது நியாயம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு, அழுது கெஞ்சி, இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். பாதி மனசு அதைத்தான் சொன்னது. எனக்கும் வேலை வேண்டாமா? ஆனால் அவர் கவுண்டரில் கையை ஊன்றியது கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த நிலையில் இருந்த மனிதரால் உண்மையைச் சொல்ல முடிந்தது. மூன்று வேளை தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன கேடு?

"அது பொய் துவான். அவர் சொன்ன பொய் இல்லை, நான் எழுதிய பொய். அவருக்கு மட்டும் இல்லை, பட்டியலில் இருக்கிற வயிற்றுவலியில் முக்கால்வாசி வயிற்றுவலியே இல்லை. எல்லாம் சூசா ஹாத்தி. இருபத்திரண்டு வருடமாக நான்தான் மாற்றி எழுதுகிறேன்."

துவான் பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணீரைச் சோதித்தார்களே?" என்றார்.

"தண்ணீர் நல்ல தண்ணீர்தான்."

"கேண்டீனையும் கேள்வி கேட்டார்களே?"

"அந்த அம்மாளிடம் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

அவர் சிரிப்பாரா கத்துவாரா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. பொய்ப் பதிவு எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எனக்குச் சூடு ஏறிவிட்டது. சுவரைக் காட்டினேன்.

"அந்தப் பெண் சிரிக்கிற படத்தை ஒட்டச் சொன்னீர்கள், ஒட்டினேன். மனசைக் கவனித்துக்கொள் என்று அதில் எழுதியிருக்கிறது. பாரத்தில் அதை எழுத ஓர் இடம் இருக்கிறதா பாருங்கள். காய்ச்சல் இருக்கிறது, வயிறு இருக்கிறது, காயம் இருக்கிறது. மனசு எங்கே? என்னைத் தண்டியுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்த மூன்றாவது கடிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், போய் அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு வந்து போடுங்கள்."

இப்படிப் பேசலாமா ஒரு மேனேஜரிடம்? பேசிவிட்டேன். அவர் எழுந்து போய் ஜன்னலண்டை நின்றார். அங்கிருந்தே, பாரத்தின் கடைசியில் 'லாயின் லாயின்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, மற்றவை என்று, அதில் எழுதலாமே என்றார். "எழுதினால் கையெழுத்துப் போடுவீர்களா?" என்றேன். போடுவேன் என்றார்.

கடிதத்தை அவர் கிழிக்கவில்லை, சினிமா இல்லையே இது. கோப்பில் வைத்து மூடினார். கையெழுத்து இல்லாமல் அது இன்றும் அங்கேதான் கிடக்கிறது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொன்னார். கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? நானே டைப் அடித்து, நானே அவரிடம் கையெழுத்து வாங்கி, நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

மறுநாள் பெரட்டில் நானே போய் நின்றேன். "இனிமே வயித்து வலின்னா வயித்து வலி மட்டும்தான். மனசு சரியில்லன்னா சூசா ஹாத்தின்னு எழுதுவேன். யாரும் யாரையும் கேலி பண்ணக் கூடாது. பண்ணினா எங்கிட்ட வரணும், தெரியும்ல?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வாரம் லீவு கேட்டு ஒருவரும் வரவில்லை. திடீரென்று எங்கள் தோட்டத்தில் வயிறும் நன்றாக இருந்தது, மனசும் நன்றாக இருந்தது! நான் விடவில்லை. தினமும் பெரட்டில் போய் அதையே சொன்னேன். முதலில் வந்தது கேண்டீன் அம்மாள். கேண்டீனுக்கு லீவுப் பாரமே கிடையாது. ஆனாலும், "என் கொழம்ப சந்தேகப்பட்டாங்கல்ல, அன்னிலேர்ந்து எனக்கு சூசா ஹாத்திதான், எழுதுடி" என்றார். எழுதினேன். அந்த அம்மாள் எழுதியதைப் பார்த்துவிட்டு லாரி டிரைவர் ஒருவர் வந்தார். அவர் விளையாட்டுக்கு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

சிரம்பானில் லீவை நீட்டிக் கொடுத்ததால், மண்டோர் ஏழு வாரம் கழித்துத் திரும்பினார். மாத்திரை சாப்பிடுகிறார், மாதம் ஒரு தடவை சிரம்பான் போகிறார். கொஞ்சம் பருத்திருந்தார். முதல் நாள் பெரட்டு முடிந்ததும் ஆபீசுக்கு வந்து, "சாவி குடுங்க கிராணிம்மா, மருந்து எடுக்கணும்" என்றார்.

அந்த ஏழு வாரத்தில் நான் ஒரு வேலை செய்திருந்தேன். பகாவ் ஹார்ட்வேர் கடையில் இன்னொரு பூட்டு வாங்கி மருந்து ஸ்டோர் கதவில் போட்டிருந்தேன். ஒரு சாவி மண்டோரிடம், இன்னொன்று என்னிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். துவானும் சரி என்றிருந்தார்.

தன் சாவியை வாங்கிக்கொண்டு என்னோடு ஸ்டோர் வாசலில் போய் நின்றார். இரண்டு பூட்டையும் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"எம்மேல நம்பிக்க இல்லையா?"

கம்பெனி ரூல்ஸ் என்று சொல்லலாம். பாதுகாப்பு அதிகாரி சொன்னார் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. பொய்க்கு எங்கிருந்துதான் இவ்வளவு வேகம் வருகிறதோ. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"உங்களுக்கு மட்டும்னு நெனச்சிக்கிட்டீங்களா? எனக்கும் சேத்துத்தாண்ணே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அடக்க முடியவில்லை.

"அப்ப பாரத்துல உங்களுக்குப் போட்ட வயித்து வலியெல்லாம்?"

"ஆமா."

"டாக்டர பாத்தீங்களா?"

"இல்ல."

"ஊருக்கே சொன்னீங்க. பெரட்டுல வந்து நின்னு தெனம் சொன்னீங்க."

அவர் தன் சாவியைப் போட்டு ஒரு பூட்டைத் திறந்தார். பிறகு ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். நான் என் பூட்டைத் திறந்தேன்.

"அடுத்த திங்கக்கெழம நான் சிரம்பான் போறேன்" என்றார். "என் தம்பி கார்ல கூட்டிட்டுப் போறான். எடம் இருக்கு. எறங்கிப் போயிரலாம்னு நெனைக்காதீங்க. எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல, இனிமே நீங்க நெனச்ச மாதிரி எல்லாம் போக முடியாது."

என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தார், பாவி மனிதர். கொடுத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று!

ஆபீசுக்கு வந்து ஒரு பாரத்தை எடுத்தேன். பெயர்க் கட்டத்தில் என் பெயர், தேதிக் கட்டத்தில் அடுத்த திங்கள். காரணம் என்ற கட்டத்தில் பேனா தானாக 'எஸ்' என்ற எழுத்தைப் போட்டுவிட்டு நின்றது. சாக்கிட்டுக்கும் எஸ்தான், சூசாவுக்கும் எஸ்தான். அடுத்த எழுத்து 'ஏ'யா, 'யூ'வா?

மண்டோர் வாசலில் மோட்டாரை உதைத்துக்கொண்டிருந்தார். நான் 'யூ' போட்டேன்.